கொங்கு நாட்டு மணித்தொழில்

கொங்கு நாட்டு மணித்தொழில் என்பது நொய்யல் ஆற்றுப் படுகையிலும் அதனைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் கிடைக்கும் கல், மண், மணல் ஆகியவற்றைக் கொண்டு அணிகலன்களுக்கும் மாலைகளுக்கும் உரிய மணிகளைச் செய்யும் கைத்தொழில் ஆகும். இதன் மிகப் பழைய, மிகத் தெளிவான சான்றுகள் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் உள்ள கொடுமணல் என்னும் சிற்றூரில் கிடைத்துள்ளன. இவ்வூர் அவிநாசிக்குத் தென்கிழக்கே நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், நொய்யலின் வடகரையில் அமைந்துள்ளது. கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே இங்கு கல்லை உடைத்து, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றி மணியாக்கும் பட்டறைகள் இயங்கின.

மணி என்னும் சொல் தமிழில் மாணிக்கக்கல், கோத்து அணியும் உருண்டை, ஒலிக்கும் மணி, நெல்மணி எனப் பலவற்றையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது துளையிட்டுக் கோக்கப்படும் சிறு பொருளை மட்டும் குறிக்கிறது.

நிலமும் கற்களும்

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மிகப் பழமையான உருமாறிய பாறைகளால் ஆனது. இப்பாறைகளின் பிளவுகளில் பிற்காலத்தில் ஊடுருவிக் குளிர்ந்த பெக்மடைட் என்னும் பெரும்படிகப் பாறைகள் நரம்புகள் போல ஓடுகின்றன. இவற்றில் படிகக்கல், களிக்கல், அபிரகம் போன்றவை பெரிய படிகங்களாக வளர்ந்துள்ளன. சில இடங்களில் பெரில் வகைக் கற்களும் உண்டு. காங்கேயம் வட்டத்திலுள்ள படியூர் பெரில் கல்லுக்குப் பெயர் பெற்றது. அருகிலுள்ள சிவன்மலைப் பகுதியின் சயனைட் பாறைகளில் குருந்தக்கல் காணப்படுகிறது. நீலக்கல்லும் மாணிக்கமும் குருந்தத்தின் நிற வேறுபாடுகளே ஆகும். வெங்கமேடு, அரசம்பாளையம் பகுதிகளில் படிகக்கல் கிடைக்கிறது.

பாறை சிதைந்து மண்ணாகும்போது களிக்கல் முதலியன மாவாகிக் களிமண்ணாகின்றன. படிகமும் குருந்தமும் பெரிலும் எளிதில் அழியாமையால் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. ஆகவே இப்பகுதியில் கல் தேடுவோர் சுரங்கம் தோண்டுவதைக் காட்டிலும், நல்ல மழைக்குப் பின் உழுத காட்டில் நடந்து பார்ப்பதே வழக்கம். மழைநீர் மேல்மண்ணைக் கழுவிய பின் கற்கள் வெயிலில் மின்னும். ஆற்று மணலும் பெரும்பாலும் இதே படிகத்தின் துகள்தான். வேதியியல் நோக்கில் மணலும் படிகமும் சிலிக்கன் டையாக்சைடு என்னும் ஒரே பொருளே. ஒன்று மணியாவதும் மற்றொன்று கட்டடத்துக்குப் போவதும் அளவினாலும் தெளிவினாலும் மட்டுமே.

கொடுமணல்

சங்க நூலான பதிற்றுப்பத்தில், கபிலர் பாடிய 67 ஆம் பாடலிலும் அரிசில்கிழார் பாடிய 74 ஆம் பாடலிலும் கொடுமணம் என்னும் ஊர் அரிய அணிகலன்களோடு தொடர்புபடுத்திக் கூறப்படுகிறது. இன்றைய கொடுமணலே அவ்வூர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. பெயர் ஒற்றுமை மட்டும் இதற்குப் போதிய சான்றாகாது. அணிகலன் செய்த தடயங்கள் அதே மண்ணிலிருந்து ஏராளமாக வெளிவந்த பின்னரே இக்கருத்து வலுப்பெற்றது.

1961 இல் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த வி. என். சீனிவாச தேசிகன் இங்கு ஆய்வு மேற்கொண்டார். 1985 முதல் 1990 வரை தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் பல கட்டங்களாக நடத்திய அகழாய்வுகளே இவ்வூரை உலகறியச் செய்தன. எ. சுப்பராயலு, கா. இராசன், செ. இராசு முதலியோர் இப்பணியில் ஈடுபட்டனர். பின்னர் 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும், 2012, 2013 ஆம் ஆண்டுகளில் கா. இராசன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும் அகழ்ந்தன. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசு தொல்லியல் துறை மீண்டும் இங்கு பணியாற்றியது. கரிமக் காலக்கணிப்பின்படி இக்குடியிருப்பு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்திலேயே செழிப்புற்றிருந்தது.

ஊர் இருந்த மேடு ஒருபுறமும் இடுகாடு மறுபுறமும் உள்ளன. இடுகாட்டில் கல்வட்டங்களும், பலகைக் கற்களால் அமைந்த கல்லறைகளும் பரந்து கிடக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பெரில், நீலக்கல், படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட், கார்னெட், சூரியகாந்தக்கல், மாக்கல் ஆகியவற்றாலான மணிகளும் மூலக்கற்களும் கிடைத்தன. முடிந்த மணிகளை விட முடியாதவையே ஆய்வாளருக்கு அதிகம் பேசுகின்றன. உடைத்த கல், தட்டி உருக்கொடுத்த கல், தேய்த்தும் துளையிடாத கல், பாதி துளையிட்டு உடைந்த கல், மெருகு முடிந்த மணி, கழிவுச் சில்லுகள் என ஒவ்வொரு படிநிலைக்கும் இங்கு எடுத்துக்காட்டு உண்டு. முடிந்த மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். பாதியில் கைவிட்ட மணி செய்த இடத்திலேயேதான் கிடக்கும்.

மூலக்கற்கள் யாவும் உள்ளூரில் கிடைப்பன அல்ல. சூதுபவளமும் அகேட்டும் குசராத், மராட்டியப் பகுதிகளிலிருந்து வந்தவையாகக் கருதப்படுகின்றன. லாபிஸ் லசூலி என்னும் ஆழ்நீலக் கல்லின் பழைய மூலம் ஆப்கானித்தானத்தின் வடகிழக்கு மலைகளாகும். கொடுமணலின் கல்லறை ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. வெளியூர்க் கல்லை வருவித்து, உள்ளூரில் மணியாக்கி, இறந்தோருடன் புதைக்கும் அளவுக்கு இங்கு செல்வம் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

மணித்தொழிலோடு இரும்பு உருக்குதல், எஃகு செய்தல், சங்கு அறுத்து வளையல் செய்தல், நூல் நூற்றல் ஆகியனவும் இங்கு நடந்தன. இது தற்செயலான அண்மை அன்று. துளையிடும் ஊசிக்கும் உடைக்கும் உளிக்கும் நல்ல இரும்பு தேவை. கோப்பதற்கு நூல் தேவை. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றுள் ஆட்பெயர்களே மிகுதி. ஓர் ஓட்டில் வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்னும் சொல் காணப்படுகிறது.

கல்மணி செய்யும் முறை

முதலில் கல் தரம் பிரிக்கப்படும். உள்ளே விரிசல் உள்ள கல் துளையிடும்போது பிளந்துவிடும் என்பதால் இப்படிநிலையே தொழிலின் ஆதாய நட்டத்தை முடிவு செய்கிறது. சூதுபவளமாயின் அதனைச் சாம்பலிலோ உமியிலோ புதைத்து மெல்லச் சூடேற்றுவர். கல்லில் உள்ள இரும்புச் சேர்மங்கள் வெப்பத்தால் மாறி, மங்கிய மஞ்சள் நிறம் சிவப்பாகும். அதன் பின் கல்லைச் சிறு துண்டுகளாகத் தட்டி உருக்கொடுத்து, மணற்பாறையில் நீரூற்றித் தேய்ப்பர்.

துளையிடுதலே கடினமான வேலை. வில்லின் நாண் சுற்றிய தண்டை முன்னும் பின்னும் சுழற்றி, அதன் முனையால் கல்லைக் குடைவர். பழைய மணிகளில் இருபுறமிருந்தும் குடைந்த துளைகள் நடுவில் சிறிது விலகிச் சந்திப்பதை ஒளியில் பிடித்துப் பார்த்தால் காணலாம். ஒரே பக்கத்திலிருந்து குடைந்தால் மறுபக்கம் வெளிவரும் இடத்தில் கல் சில்லாகத் தெறிக்கும் என்பதே இதற்குக் காரணம்.

கடினத்தன்மையை அளக்கும் மோவின் அளவுகோலில் படிகம் 7, பெரில் ஏறத்தாழ 7.5 முதல் 8, குருந்தம் 9, வைரம் 10 ஆகும். ஒரு கல்லைக் குடைய அதனினும் கடினமான பொருள் வேண்டும். குருந்தப் பொடியை நீருடன் கலந்து உலோக முனையின் கீழ் இட்டால் படிகத்தையும் பெரிலையும் குடையலாம். அப்பொடி கொங்கு நாட்டிலேயே கிடைத்தது. மேலைநாட்டு மொழிகளில் இக்கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே. முனையில் சிறு வைரத் துண்டுகளைப் பதித்த துரப்பணமும் இந்தியாவில் பழங்காலம் முதல் வழக்கில் இருந்துள்ளது; குசராத்தின் கம்பாத்து நகரில் இம்முறை இக்காலம் வரை தொடர்கிறது. மோவின் எண்கள் வரிசையை மட்டுமே காட்டுவன, சம இடைவெளி உடையன அல்ல. 9க்கும் 10க்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு மற்றெல்லா இடைவெளிகளையும் விடப் பெரியது. வைர முனை கிடைத்த பட்டறைக்கும் கிடைக்காத பட்டறைக்கும் இடையே வேலை வேகத்தில் பெரும் வேறுபாடு இருந்திருக்கும்.

இறுதியில் மணிகளை நுண்ணிய பொடியும் நீரும் சேர்த்துத் தோல் பையிலிட்டு நெடுநேரம் உருட்டி மெருகேற்றுவர். சூதுபவளத்தின் மேல் காரக் கலவையால் கோடு வரைந்து சுட்டு, வெண்ணிற வேலைப்பாடு பெறும் முறையும் இந்தியத் துணைக்கண்டத்தில் பரவலாக இருந்தது.

வைடூரியம் என்னும் பெயர்

பெரில் என்னும் பெயர் பிராகிருதத்தில் வேளுரியம், வேருலியம் என வழங்கிய சொல்லிலிருந்து கிரேக்கத்துக்குச் சென்றது. வடமொழியில் அது வைடூரியம். செருமன் மொழியில் மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் சொல்லும் இதன் வழித்தோன்றலே. அக்காலத்தில் தெளிவான பெரில் கற்களைக் கொண்டு வில்லைகள் செய்யப்பட்டன. ஆனால் இன்று தமிழ்நாட்டு நகைக்கடைகளில் வைடூரியம் என்றால் பூனைக்கண் கல்லையே கொடுப்பர். அது பெரில் அன்று. பழைய நூல்களைப் படிப்போர் இப்பொருள் மாற்றத்தைக் கருத்தில் கொள்ளாவிடில் குழப்பமே மிஞ்சும். மரகதமும் கடல்நீர் நிறமுடைய அக்வாமரினும் பெரிலின் வகைகள் ஆகும். படியூரில் கிடைத்தது அக்வாமரின் வகை.

உரோமானிய எழுத்தாளர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாறு என்னும் நூலின் 37 ஆம் பகுதியில் பெரில் கல் இந்தியாவில் விளைவதாகக் கூறுகிறார். இந்தியர் நீளமான கற்களை விரும்புவர், பொன்னில் பதிக்காமல் துளையிட்டு யானை மயிரில் கோப்பர் என்பது அவர் தரும் செய்தி. பெரில் இயற்கையிலேயே அறுகோணத் தூணாக வளர்வது. அதன் நீளத்தைக் குறைக்காமல் துளையிடுவது திறன் வேண்டும் வேலை. அதே நூலில், இந்தியர் படிகத்துக்கு நிறமூட்டிப் போலிப் பெரில் செய்யக் கற்றுக்கொண்டனர் என்ற குறையும் இடம்பெறுகிறது.

சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் செல்லும் வழி நொய்யல் படுகையை ஒட்டியே சென்றது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு இராசகேசரிப் பெருவழி என்று ஒரு பாதையைக் குறிப்பிடுகிறது. வெள்ளலூர், பொள்ளாச்சி, கத்தாங்கண்ணி ஆகிய இடங்களில் உரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்தன. இக்காசுகள் அனைத்தும் மணிகளுக்கு விலையாக வந்தவை என்று கூறிவிட முடியாது. மிளகும் துணியும் அதே பாதையில் சென்றன. எனினும் காசுகள் கிடைத்த பகுதியும் கற்கள் விளையும் பகுதியும் பெரும்பாலும் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

படியூர்ச் சுரங்கம் 1819-20 இல் ஜே. எம். ஹீத் என்னும் ஆங்கிலேயரால் மீண்டும் தோண்டப்பட்டு, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் எடுக்கப்பட்டன. பின்னர் நீர் ஊறியதால் அது கைவிடப்பட்டது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவரும் இவரே.

சுடுமண் மணிகள்

கல்மணி செல்வருடையது, மண்மணி எல்லோருடையது. தமிழ்நாட்டுப் பழைய குடியிருப்புகள் பலவற்றில் பாக்கு வடிவிலும் உருளை வடிவிலும் சுடுமண் மணிகள் கிடைக்கின்றன. கண்காட்சிப் பெட்டிகளில் இவற்றுக்கு மூலையில்தான் இடம் கிடைக்கிறது. ஆனால் அன்றைய பெரும்பான்மை மக்கள் கழுத்தில் கிடந்தவை இவையாகத்தான் இருக்க வேண்டும்.

குளத்து வண்டலை நீரில் கரைத்து, கல்லும் வேரும் நீங்க வடித்து, புளிக்கவிட்டுப் பிசைவர். உருட்டிய மணியை ஈர்க்கால் துளைத்து நிழலில் உலர்த்துவர். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் விரைந்து சுருங்கி வெடிக்கும். பின் ஏறத்தாழ 600 முதல் 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடுவர். காற்று தாராளமாகப் புகுந்தால் இரும்பு ஆக்சைடால் மணி சிவக்கும். புகையை அடைத்துச் சுட்டால் கறுக்கும். கொங்கு மண்ணுக்கென ஒரு தனித் தொல்லை உண்டு. அது சுக்கான் என்னும் சுண்ணாம்புக் குறுணி. சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும் இக்குறுணி, சில நாட்களில் காற்றின் ஈரத்தை ஏற்றுப் பருத்து, நன்றாகச் சுட்ட மணியையும் உள்ளிருந்து உடைத்துவிடும். நுண்ணிய துணியில் வடித்த மண்ணுக்கு இத்தொல்லை இல்லை.

2000களுக்குப் பின் சுடுமண் நகை மீண்டும் விரும்பப்படுகிறது. தமிழக நகரங்களில் இல்லத்தரசிகளும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இதனைச் செய்து விற்கின்றனர். அச்சுகளும் செயற்கை வண்ணங்களும் புதியன. மண்ணைப் பதப்படுத்தும் முறை பழையதே.

மணலிலிருந்து கண்ணாடி

கொடுமணலில் கண்ணாடி மணிகளும் கிடைத்துள்ளன. மணலைத் தனியே உருக்க 1,700 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். காரம் சேர்த்தால் உருகுநிலை வெகுவாகக் குறையும். பழைய இந்தியக் கண்ணாடியில் ஒரு பெரும்பிரிவு அலுமினா மிகுந்தது. தூய்மையற்ற மணலையும், தரையில் பூக்கும் உவர்மண்ணையும் சேர்த்து உருக்கியமையால் இத்தன்மை வந்தது என்பர். துணி வெளுக்கப் பயன்பட்ட அதே உவர்மண்ணே கண்ணாடிக்கும் காரம் தந்தது.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு இத்துறையில் புகழ்பெற்றது. அங்கு செய்யப்பட்டது போன்ற சிறு ஒற்றைநிற மணிகள் ஆப்பிரிக்கக் கரை முதல் கிழக்காசியா வரை கிடைப்பதால், அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிசு அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டார். உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை உண்டாக்கி, நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, விளிம்புகள் மழுங்க மீண்டும் சூடேற்றுவது இம்முறை. ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகள் கிடைக்கும். துளையிடும் வேலையே இல்லை. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தது கண்டறியப்பட்டது. ஒவ்வொன்றாகக் குடைந்த கல்மணிக்கு இதனோடு விலையில் போட்டியிட இயலாது.

செபமாலைகள்

கொடுமணல் மணிகள் செபத்துக்குப் பயன்பட்டன என்பதற்குச் சான்றில்லை, அவை அணிகலன்களே. எண்ணிச் செபிப்பதற்குரிய மாலை அக்கமாலை எனப்படுகிறது. சைவத்தில் உருத்திராக்கமும் படிகமும், வைணவத்தில் துளசியும் தாமரை மணியும் சிறப்பாகக் கொள்ளப்படுகின்றன. பொதுவாக 108, 54 அல்லது 27 மணிகளுடன் தொடக்கத்தைக் காட்டும் மேரு மணி ஒன்றும் இருக்கும். முசுலிம்களின் தசுபீகு 99 அல்லது 33 மணிகளையும், கத்தோலிக்கரின் வழக்கமான செபமாலை 59 மணிகளையும் கொண்டது. மண்ணால் செய்த செபமாலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஈராக்கில் உள்ளது. கர்பலா மண்ணைப் பிசைந்து உருட்டிய மணிகளைச் சியா முசுலிம்கள் புனிதமாகப் போற்றுகின்றனர்.

கோயில் வாசல்களில் படிகமாலை என்ற பெயரில் கண்ணாடி மாலை விற்கப்படுவதும் உண்டு. சில எளிய அடையாளங்கள்: படிகம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் கையில் எடுத்தவுடன் கண்ணாடியை விடக் குளிர்ச்சியாக இருக்கும், உருப்பெருக்கியில் உருண்டையான காற்றுக்குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி, படிகம் சன்னல் கண்ணாடியைக் கீறும். ஒரு மணியை மட்டும் சோதிப்பது போதாது, இரண்டும் கலந்து கோக்கப்படுவதும் உண்டு.

தொல்லிடத்தின் நிலை

கொடுமணலில் அகழப்பட்டது மிகச் சிறு பகுதியே. இடுகாட்டின் பெரும்பகுதி விளைநிலங்களுக்குள் இருப்பதால், உழவுக்காகவும் கட்டுமானத்துக்காகவும் கல்வட்டக் கற்கள் அகற்றப்பட்டு வந்துள்ளன. மழைக்குப் பின் மேலே வரும் மணிகளைப் பொறுக்கி விற்பதும் இப்பகுதியில் நெடுங்காலமாக நடந்து வருவது. பொறுக்குவோர் பெரும்பாலும் வருவாய் குறைந்தவர்கள். அவர்களை மட்டும் குறை கூறுதல் சரியன்று. ஆனால் எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையருகில், எந்த நிலையில் கிடந்தது என்னும் செய்தி இல்லாத மணி, ஆய்வாளருக்கு வெறும் அழகான கல்தான். 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் இதற்குப் பொருந்தும்.

நொய்யலும் மாறிவிட்டது. 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கொடுமணலுக்கு அருகில் உள்ளது. பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட இவ்வணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, சுற்றுப்புறக் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு காலத்தில் மணி தேய்க்க அள்ளிய நீர் பல ஆண்டுகள் துணி துவைக்கவும் உதவாமற் போனது.

இன்று

காங்கேயம், கரூர் வட்டாரங்களில் நிலவுக்கல், படிகம், அக்வாமரின் முதலியவற்றைத் தேடுவோரும் பட்டை தீட்டுவோரும் உள்ளனர். உரிமம் இன்றித் தோண்டுதலும் அவ்வப்போது பிடிபடுகிறது. தேய்க்கும் கல்லுக்குப் பதில் மின்னோடியில் சுழலும் தட்டு வந்துள்ளது. தேய்ப்பது முன்போலவே கடினமான பொடியால்தான். கிடைக்கும் நல்ல கற்களில் பெரும்பகுதி தீட்டப்படாமலேயே செய்ப்பூர் முதலிய சந்தைகளுக்குச் செல்கிறது. எனவே கல்லின் விலையில் கூடுதல் பங்கு தீட்டும் ஊருக்கே போய்ச் சேர்கிறது. கொடுமணலில் வெளியூர்ச் சூதுபவளம் வந்து மணியாகித் திரும்பிய நிலைக்கு இது நேர்மாறானது. பட்டை தீட்டுவோர் பலர் மூக்கை மூடாமல் வேலை செய்வதால் படிகத் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிசு நோய் வரும் வாய்ப்பு உண்டு. கம்பாத்து அகேட் தொழிலாளரிடையே இந்நோய் பரவலாகப் பதிவாகியுள்ளது. நீரூற்றித் தேய்க்கும் பழைய முறையில் தூள் பறப்பது குறைவு.